பத்து மணிப் பால்

பத்து மணிப் பால் வந்துவிட்டது. சின்ன எவர்சில்வர் டம்ளரில் அறுபத்தைந்து மில்லி, அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது, லூர்து சிஸ்டர் ஊசிக்குழாயில் உறிஞ்சி அளந்துதான் ஊற்றுவாள், நகைக்கடைக்காரன்கூட அப்படிக் கண்ணைச் சுருக்கமாட்டான். "இந்தா மாதேஸ்வரி, உன் கையால இதுதான் கடைசி. எடை ஏறலைன்னு பன்னண்டு மணிக்கு மூக்குல டியூப் போடச் சொல்லிட்டாங்க டாக்டரம்மா. இதையாவது சிந்தாம குடு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். சிந்தாமல். ஒன்பது நாளில் நான் ஒரு சொட்டு சிந்தியதில்லை, இந்த வார்டில் என்னைப் போல் சிந்தாமல் கொடுக்கிறவள் வேறு யாரும் கிடையாது, சந்தேகம் இருந்தால் தரையைத் தடவிப் பார்க்கட்டும். மடியில் தன்விகா கிடக்கிறாள். பதினாலு மாதம், ஐந்து கிலோ இருநூறு கிராம், நேற்றும் அதே ஐந்து இருநூறு, முந்தாநாளும் அதேதான். பெயர் மட்டும் பெரிய வீட்டுப் பெயர். அவள் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிற இடத்தில், எதிர் மாடியிலிருந்து ஒரு அம்மா தன் குழந்தையை அப்படிக் கூப்பிட்டாளாம், கேட்க நன்றாக இருக்கிறதே என்று போனிலேயே சொல்லி வைத்தார். அந்த மாடிவீட்டுத் தன்விகாவின் ஒரு தொடை இருக்கும் என்னுடைய தன்விகா. கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ என்ன யாரோ. டம்ளரின் பக்கவாட்டில் நடுவே ஒரு ஒடுக்கு விழுந்திருக்கிறது, எப்போதோ எவளோ கீழே போட்டது, ஒவ்வொரு வேளையும் எனக்கு இதே டம்ளர்தான் வரவேண்டும் என்று நானே கழுவி நானே எடுத்துவைத்துக்கொள்கிறேன். பால் மேலேயிருந்து அந்த ஒடுக்கு வரைக்கும் குறைகிறவரை அவளுக்கு. மிச்சம் எனக்கு.

முதல் நாள் அப்படி இல்லை. முதல் நாள் நான் நல்லவள். அன்றைக்கு அவளுக்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை, பாலாடைச் சங்கின் மூக்கை உதட்டில் வைத்தால் பால் கடைவாய் வழியாகக் காதுக்குப் போனது, அரைமணி நேரம் போராடியும் பாதி டம்ளர் அப்படியே இருந்தது. சிஸ்டர் தூரத்திலிருந்து "குடிச்சாளா?" என்று கத்தினாள். மீதம் வைத்த பொம்பளையை அவள் என்ன பேச்சுப் பேசினாள் என்று காலையில்தான் கேட்டிருந்தேன், பெத்தவளாடி நீ என்பதில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடிந்தது. கீழே ஊற்ற மனசு வரவில்லை. பாலை யாராவது ஊற்றுவார்களா? மடக்கென்று குடித்துவிட்டு "குடிச்சிட்டா சிஸ்டர்" என்று டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாய். பால்பவுடரும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சின பால், நாக்கில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு, தொண்டையில் இறங்குகிற இடமெல்லாம் தெரிந்தது. அன்றைக்கு இரவு முழுக்க அந்த ருசியை நாக்கு தேடிக்கொண்டே இருந்தது. மறுநாளும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, அதனால் மறுநாளும் குடித்தேன். மூன்றாம் நாள் அவளுக்கு வேண்டியிருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒடுக்குக் கணக்கு வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர், எல்லா டம்ளரும் காலி, சிஸ்டர் அட்டையில் அறுபத்தைந்து, அறுபத்தைந்து என்று எழுதி எழுதி ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் போய்விட்டது. "குடிக்கறதெல்லாம் எங்கதான் போகுதோ இவளுக்கு" என்று சிஸ்டரே தலையில் கை வைத்துக்கொள்கிறாள். டாக்டரம்மா சளி இருக்கிறதா என்று பார்த்தாள், மூத்திரம் எடுத்துப் பார்த்தாள், நெஞ்சைப் படம் எடுத்தாள், உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று என்னைக் கேட்டாள், என் மாமனார் இருமுவார் என்று சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டாள். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் கையில் குத்தி, புறங்கையில் குத்தி, நேற்று குதிகாலில் குத்தினார்கள். காரணம் தேடுகிறார்கள். காரணம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊசி குத்தும்போது குழந்தையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நேற்று பிடித்த பிடியில் என் விரல் அவள் கணுக்காலில் பதிந்திருந்தது. "நீதாம்மா தைரியமா பிடிக்கற, மத்ததுங்க எல்லாம் ஓடிப்போயிடும்" என்று ரத்தம் எடுக்க வந்த தம்பி பாராட்டிவிட்டுப் போனான்.

ஒரு சங்கு. விழுங்கினாள். இன்றைக்கு விழுங்குகிற சத்தம் கேட்கிறது, நேற்று கேட்கவில்லையே. எதிர்க்கட்டிலில் கஸ்தூரி இருந்தவரை இந்த நேரத்துக்கு என்னிடம் வாயடித்துக்கொண்டிருப்பாள், எனக்கும் வசதி, பேசிக்கொண்டே திரும்பிக் குடித்துவிடலாம். கஸ்தூரி பையன் நேற்று எடை ஏறி வீட்டுக்குப் போய்விட்டான். நல்லாயிடுச்சு, கிளம்பலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது கஸ்தூரி முகம் போன போக்கு இருக்கிறதே. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும் எதற்கு அழுதாள் என்று. இங்கே அம்மாக்களுக்கும் சாப்பாடு உண்டு, ஆனால் தனியாகக் கிடையாது, குழந்தை பெயர் பலகையில் இருக்கிறவரைதான். காலையில் பொங்கல், மத்தியானம் முட்டையோடு சோறு, நாலு மணிக்குச் சுண்டல், ராத்திரி சப்பாத்தி. குழந்தை தேறிவிட்டால் பலகையில் சாக்பீஸ் எழுத்தை ஈரத்துணியால் துடைப்பார்கள், அதோடு அம்மா தட்டும் போய்விடும். அதாவது என் பிள்ளை இளைத்திருக்கும்வரை எனக்கு முட்டை. இதை எந்தப் புண்ணியவான் யோசித்துக் கண்டுபிடித்தானோ, நல்ல மனசோடுதான் செய்திருப்பான். "வீட்டுக்குப் போனா மறுபடியும் அந்தக் கூழுதாண்டி" என்று கஸ்தூரி என் காதில் சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் அவள் பாலைக் குடிக்கவில்லை. அவளுக்கும் பசிதான், அவள் குடிக்கவில்லை. அவளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொரு சங்கு. என் வீட்டிலும் ஒன்றும் சாப்பாடு இல்லாமல் இல்லை. மாமனாருக்கு, கொழுந்தனுக்கு, ஊரிலிருந்து வந்தால் அவருக்கு, பிறகு அத்தை, பிறகு நான். அடிச்சட்டியில் என்ன இருக்கிறதோ அது. சில நாள் சட்டியில் தண்ணீர் ஊற்றி அலம்பினால் சோற்றுப்பருக்கை மிதக்கும், அதைக் குடித்துவிட்டுச் சட்டியையும் கழுவினதாக ஆயிற்று, ஒரு வேலையில் இரண்டு வேலை. அங்கன்வாடி டீச்சர் மாதாமாதம் குழந்தைக்கென்று கொடுக்கிற சத்துமாவுப் பையை அத்தை பரண்மேல் வைத்துக் கன்றுக்குட்டிக்குக் கரைத்து ஊற்றினாள். "அது நாளைக்குப் பால் குடுக்கும். இது என்ன குடுக்கும்?" கன்றுக்குட்டி தளதளவென்று ஆகிவிட்டது, தோல் மின்னும், வருகிறவர்கள் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் தன்விகாவும் தளதளவென்று ஆனாள். பாதம் உப்பி, முகம் உப்பி, கண் இடுங்கி. வீடே குதூகலித்தது. "பாத்தியாடி, நான் வளத்த வளப்பு, எப்படி சதை போட்டிருக்கா" என்று அத்தை தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள், அன்று சாயங்காலம் மிளகாய் போட்டுத் திருஷ்டிகூடச் சுற்றினாள். நானும் நம்பினேன். இரவில் அந்தக் கொழுத்த பாதத்தை முத்தமிட்டேன், ஈரமாக, ஜில்லென்று இருந்தது. டீச்சர்தான் வந்து பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். குழி அப்படியே நின்றது. மேலே வரவில்லை. "இது சதை இல்லைங்க, நீர். குழந்தைக்கு உள்ள ஒண்ணுமே இல்ல" என்றாள். அத்தை அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள், சவலை பாய்ஞ்சிருக்கு என்றாள், சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்தால்தானே மேல்பிள்ளை ஏங்கிச் சவலையாகும். நான் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு இல்லை என்றேன்.

இருக்கிறது. நாலு மாதம். எனக்கும் அதற்கும் மட்டும்தான் தெரியும், அதற்கும் இப்போதுதான் தெரிந்திருக்கும். நாள் தள்ளிப்போன மறுவாரமே தன்விகாவுக்குப் பால் மறக்கடித்தேன், பிள்ளையுண்டானவள் பால் மேல்பிள்ளைக்கு ஆகாது, குடித்தால் வயிறு ஊதிச் செத்துப்போகும் என்று என் அம்மா எப்போதும் சொல்லுவாள், அவள் அம்மாவும் சொன்னாளாம். வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டேன். ஆசையாகப் பாய்ந்து வந்து வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி வாய் வைத்தாள். கசப்பென்று தெரிந்தும் ஐந்து தடவை வைத்தாள். மூன்று நாள் கத்தினாள், நாலாம் நாள் கத்தவில்லை, நல்ல பிள்ளை, சீக்கிரம் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இங்கே வந்த அன்றைக்கு லூர்து சிஸ்டர் கேட்டாள், தாய்ப்பாலை எதற்கு நிறுத்தினாய், யார் நிறுத்தச் சொன்னது, வயிற்றில் இருந்தால்கூடக் கொடுக்கலாமே என்று. கொடுக்கலாமாம். சர்வசாதாரணமாகச் சொன்னாள், குடை எடுத்துக்கொண்டு போகலாமே என்கிற மாதிரி. அப்போதே சொல்லியிருக்கலாம் வயிற்றில் இருக்கிறது என்று. சொன்னால் பிள்ளையுண்டானவள் சீக்காளிக் குழந்தைகளோடு கிடக்கக்கூடாது என்று என்னை அனுப்பிவிட்டு அத்தையை வந்து உட்காரச் சொல்லுவார்கள். அத்தை இங்கே உட்கார்ந்து முட்டை தின்பாள். நான் அங்கே சட்டி கழுவுவேன்.

எதற்குத்தான் குடிக்கிறேன்? பசிக்கிறது, அதனால் குடிக்கிறேன். மூன்று வேளை சாப்பாடு போட்டும் உனக்கு என்னடி பசி? சாப்பாடே இல்லாதபோது பசி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது, இங்கே வந்து முதல் கவளம் உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது, இப்போது என்ன போட்டாலும் போதவில்லை. சரி, வயிற்றில் இருக்கிறதற்காகக் குடிக்கிறேன். அது ஆணாக இருந்தால் அத்தை என் தட்டில் முட்டை வைப்பாள், ஆணுக்குப் பால் சுரக்க வேண்டும் அல்லவா. ஒருவேளை இவள் இங்கேயே இன்னும் பத்து நாள் கிடக்கட்டும் என்று குடிக்கிறேனோ? இவள் எடை ஏறக்கூடாது என்று குடிக்கிறேனோ? இல்லை. அப்படி நினைத்ததே இல்லை. இப்போது நினைத்தேனே. ராத்திரி நினைத்தேன், எடை பார்க்கப் போகும்போது வழியெல்லாம் நினைத்தேன், ஏறக்கூடாது, ஏறக்கூடாது, ஐந்து இருநூறு என்று சிஸ்டர் சொன்னதும் எனக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்றது. அதே நிமிஷம் எனக்குப் பயமும் வந்தது. மூன்றாம் கட்டில் குழந்தையும் ஐந்து கிலோதான். திங்கட்கிழமை விடியற்காலையில் அதன் அம்மா எழுப்பினாள், அது எழுந்திருக்கவில்லை. அவளையும் உடனே எழுப்பிவிட்டார்கள், கட்டில் வேண்டுமே. அவள் காலைப் பொங்கலைக் கையில் வாங்கியிருந்தாள், தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே வாசல்வரை போனாள். நான் செத்துப்போன குழந்தையைப் பார்க்கவில்லை, அந்தப் பொங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டியூப் வந்துவிட்டால் நல்லது. மூக்கு வழியாக நேரே உள்ளே போய்விடும், நடுவில் நான் இருக்கமாட்டேன். குழாய் சிந்தாது, குழாய்க்குப் பசிக்காது. பன்னிரண்டு மணிக்கு என்னைக் கட்டிப்போடப் போகிறார்கள், இன்னும் ஒன்றே முக்கால் மணிநேரம், அதுவரை ஒரே ஒரு டம்ளர், இந்த ஒரு டம்ளர். கடைசி டம்ளரையாவது முழுதாக அவளுக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிடுகிறேன். ஒன்பது நாளில் ஒரு டம்ளர், என்னால் முடியாதா?

ஒடுக்குக்கு வந்துவிட்டது. கை தானாக நின்றுவிட்டது, இத்தனை நாள் பழக்கம். பாலாடையைக் கீழே வைத்தேன். தன்விகா வாயைத் திறந்தாள். கொட்டாவியாக இருக்கும் என்று பார்த்தேன், கொட்டாவி இல்லை. திறந்த வாயை மூடவில்லை. நாக்கு வெளியே வந்து மேலுதட்டைத் துழாவிவிட்டு உள்ளே போனது, மறுபடி திறந்தாள், கண் டம்ளரைப் பார்த்தது, கையை வேறு தூக்கினாள், அந்த ஊசிக்காயம் பட்ட கையை, ஒன்பது நாளாகத் துணிபோல் கிடந்த கையை. அவளுக்குப் பசித்தது. இதற்குத்தான் டாக்டரம்மா காத்திருந்தாள், பசி எடுத்துவிட்டால் பிழைத்துவிடும் என்று முதல் நாளே சொன்னாளே, பசி எடுத்தால் பால் அளவு கூட்டுவோம், பிறகு கஞ்சி, பிறகு வீடு. வீடு. பரண், கன்றுக்குட்டி, அலம்பின சட்டி. கொடு மாதேஸ்வரி, கொடுத்துத் தொலை, முப்பது மில்லி, இரண்டு மடக்கு, கேட்கிறாளே, பால் மறந்த நாளிலிருந்து எதையும் கேட்காதவள் கேட்கிறாளே. என் வாயில் எச்சில் ஊறியது. அவள் வாயிலும் ஊறி வழிந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் டியூப் வரப்போகிறதே, அப்புறம் முழுக்க முழுக்க அவளுக்குத்தானே, நாள் முழுக்க, எல்லா டம்ளரும், இதற்குமேல் எனக்கு எப்போது கிடைக்கும்? சுவர்ப்பக்கம் திரும்பினேன். குடித்தேன். மெதுவாகக் குடித்தேன், கடைசி என்பதால். அடியில் சர்க்கரை தங்கியிருந்தது, விரல்விட்டு வழித்தேன். எண்ணெய்ப்பசை மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. திரும்பினால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அடித்திருப்பேன், அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன், எல்லாம் சரியாகப் போயிருக்கும். சும்மா பார்த்தாள், வேப்பிலை அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"குடிச்சாளா?" லூர்து சிஸ்டர் அட்டையோடு வந்துகொண்டிருந்தாள், பின்னாலேயே ஆயா ஒரு தட்டில் குழாயும் பிளாஸ்திரியும் கொண்டுவந்தாள், பன்னிரண்டுக்கு என்றார்கள், இப்போதே எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். உதட்டைத் துடைக்க முந்தானையை எடுப்பதற்குள் தன்விகா கையை நீட்டினாள், என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள், எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, என் முகத்தோடு முகத்தை வைத்து என் மேலுதட்டை நக்கினாள். சின்ன, சொரசொரப்பான, சூடான நாக்கு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒரு இடத்தில் தீர்ந்ததும் கடைவாய்க்குப் போனாள், அங்கேயும் இருந்தது. சிஸ்டர் நின்றுவிட்டாள். "ஐயோ, இங்க வந்து பாருங்களேன்!" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். "ஒம்பது நாளா கட்டை மாதிரி கெடந்த புள்ள, அம்மாக்காரிக்கு முத்தம் குடுக்குது பாருங்க!" இரண்டு மூன்று பேர் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். ஆயா குழாய்த் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது, கல்மாதிரி இருக்கிறவளுக்கு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. அவள் நக்கி முடிக்கட்டும் என்று முகத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன், என்னிடமிருந்து அவளுக்குக் கிடைக்கிறது இவ்வளவுதானே.

"அந்தக் குழாயை எடுத்துட்டுப் போ" என்றாள் சிஸ்டர் ஆயாவிடம். "முகம் பாத்து சிரிச்சு விளையாட ஆரம்பிச்சிடுச்சு, இனிமே அதுவே தேறிக்கும். இந்த நேரத்துல போய் மூக்குல குழாயைச் சொருகினா புள்ள பயந்து மறுபடி சுருண்டுடும். டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கறேன், இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்." என் தலையில் கை வைத்தாள். "நீயே குடு மாதேஸ்வரி. பெத்தவ கையால குடிக்கற மாதிரி வருமா?" அட்டையில் அறுபத்தைந்து என்று எழுதினாள். ஆயா குழாயும் பிளாஸ்திரியும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போவது தெரிந்தது, கதவு வரை தெரிந்தது, ஆயா நில்லு என்று கத்தினால் அவளுக்குக் கேட்கிற தூரம்தான். தன்விகா என் உதட்டை விட்டுவிட்டு டம்ளரின் உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க சிஸ்டர்" என்றேன்.